தொழிற்சாலையில் உங்களுக்கான வேலை எது? ஒரு தண்ணீர்க் குழாயில் தொடங்கும் முழு வழிகாட்டி

தொழிற்சாலை வேலை என்றதும் பலருக்கு இரண்டே படங்கள்தான் மனதில் வரும். ஒன்று, மெஷின் முன்னால் நின்று நாள் முழுக்க ஒரே காரியத்தைச் செய்யும் ஆள். இன்னொன்று, தலையில் வெள்ளை ஹெல்மெட்டும் கையில் ஃபைலுமாக நடக்கும் இன்ஜினியர். இந்த இருவருக்கும் நடுவே இருக்கும் நாற்பது ஐம்பது வேலைகள் கண்ணில் படுவதே இல்லை. அதனால்தான் "ஏதாவது கம்பெனியில் ஏதாவது வேலை" என்று தேடுகிறோம். கிடைத்த இடத்தில் போய்ச் சேர்ந்து, ஆறே மாதத்தில் "நமக்குத் தொழிற்சாலையே ஒத்துவராது" என்று வெளியே வருகிறோம். பல நேரம் ஒத்துவராதது அந்த ஒரு வேலை மட்டும்தான். பக்கத்து ஷெட்டிலேயே அவருக்கென்று அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒரு வேலை இருந்திருக்கும்.

ஆகவே இந்த வழிகாட்டியில் வேலை விளம்பரம் பக்கம் கடைசியில்தான் வருவோம். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

படி 1: ஒரு பொருளை எடுத்து, அது வந்த வழியை எழுதுங்கள்

கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள். நான் தண்ணீர்க் குழாயை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதற்குள் ஏறக்குறைய எல்லா வேலையும் அடங்கிவிடும்.

பளபளவென்று இருக்கும் அந்தக் குழாயின் உடம்பு பெரும்பாலும் பித்தளை. செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றுகிறார்கள். இல்லையென்றால் பித்தளைத் தண்டைச் சூடாக்கி, டை என்ற எஃகு அச்சுக்குள் வைத்து அழுத்தி எடுக்கிறார்கள். ஊற்றுவதாக இருந்தால் உள்ளே தண்ணீர் போகும் வழி காலியாக இருக்க வேண்டும் அல்லவா? அதற்காக மணலில் ஒரு கோர் செய்து அச்சுக்குள் வைப்பார்கள். உலோகம் இறுகியதும் மணலை உதிர்த்து எடுத்துவிடுவார்கள். இதற்குள்ளேயே எத்தனை பேர் வந்துவிட்டார்கள் பாருங்கள்: அச்சை வடிவமைத்தவர், அதை வெட்டி உருவாக்கிய டூல் ரூம் ஆள், கோர் செய்பவர், உலையைப் பார்த்துக்கொள்பவர், கலவை சரியா என்று ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைத்துப் பார்க்கும் லேப் ஆள்.

அடுத்து, கணினி புரோகிராம்படி தானாகக் கடைந்து வெட்டும் சி.என்.சி. மெஷின். மரை வெட்டுவது, துளை போடுவது, தண்ணீரைத் திறந்து மூடும் கார்ட்ரிட்ஜ் உட்காரும் இடத்தைச் சுத்தமாகக் கடைவது எல்லாம் அங்கே. அதற்கு ஆபரேட்டர் வேண்டும், டூல் மாட்டி அளவு சரிசெய்யும் செட்டர் வேண்டும், புரோகிராம் எழுதுபவர் வேண்டும். பிறகு பாலிஷ். சுழலும் பெல்ட்டில் குழாயைத் திருப்பித் திருப்பிக் காட்டுவது வெளியிலிருந்து பார்க்கச் சாதாரணமாகத் தெரியும். ஆனால் அங்கே விட்ட ஒரு கீறல் பூச்சு போட்ட பிறகு கண்ணாடி மாதிரிப் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். பல ஆலைகளில் இதை இப்போது ரோபோ செய்கிறது. வளைவு நெளிவான இடங்களுக்கு இன்னமும் ஆள் கைதான்.

பூச்சுத் தொட்டியில் முதலில் நிக்கல், அதன்மேல் குரோம். நாம் பார்த்து ரசிக்கும் அந்தக் குரோம் படலம் ஒரு மைக்ரான் தடிமன்கூட இருக்காது, அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இங்கே அதிகாரம் வேதியியல் படித்தவரிடம் இருக்கிறது. தொட்டியின் செறிவு, சூடு, மின்னோட்டம் இவற்றில் ஒன்று தவறினாலும் பூச்சு உரிந்துவிடும். பழைய முறைக் குரோம் தொட்டியில் உள்ள ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. ஆகவே கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பிரிவு, காற்றோட்டத்தைக் கண்காணிக்கும் பாதுகாப்புப் பிரிவு என்று இன்னும் இரண்டு துறைகள் சேர்கின்றன.

அப்புறம் அசெம்பிளி. செராமிக் தட்டுகள் கொண்ட கார்ட்ரிட்ஜை உள்ளே வைத்து, சொன்ன அளவு இறுக்கி, காற்றழுத்தம் கொடுத்துக் கசிகிறதா என்று பார்த்து, துடைத்து, பெட்டியில் வைத்து டெஸ்பாட்ச். இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் வழி. தெரியாத வழியும் ஒன்று உண்டு: எந்த நாளில் எந்த மாடல் என்று திட்டமிடும் பிளானிங், பித்தளை வாங்கும் பர்ச்சேஸ், ஸ்டோர்ஸ், மெயின்டனன்ஸ், ஒரு குழாய்க்கு என்ன அடக்கம் என்று கணக்குப் போடும் காஸ்டிங் பிரிவு. (உலோகம் ஊற்றுவதும் காஸ்டிங், அடக்கக் கணக்கும் காஸ்டிங். முதல் வாரம் எல்லோரும் இதில் குழம்புவார்கள்.)

இப்போது உங்கள் பொருளை எடுத்து ஒரு தாளில் நிலைகளை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொரு நிலைக்கும் எதிரே நான்கு பத்தி: செய்பவர் யார், அதற்கு மெஷினைத் தயார் செய்பவர் யார், சரிபார்ப்பவர் யார், கெட்டுப்போனால் பழுது பார்ப்பவர் யார். தெரியாத இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, தெரிந்தவர்களைக் கேட்டும் தொழிற்சாலை வீடியோக்களைப் பார்த்தும் நிரப்புங்கள். ஒரு மாலைப் பொழுதில் முப்பது வேலைப் பெயர்களாவது தேறும். எந்த வேலைவாய்ப்புத் தளத்திலும் இப்படி ஒரு பட்டியல் கிடைக்காது.

படி 2: எந்த மாதிரி ஆலை என்று முடிவு செய்யுங்கள்

"கார் துறைக்குப் போகலாமா, மருந்துத் துறைக்குப் போகலாமா?" என்று பலரும் பொருளை வைத்துக் கேட்கிறார்கள். நான் வேறு விதமாகப் பார்க்கச் சொல்வேன். பொருளைவிடச் செய்முறையைப் பிடித்துக்கொள்வது நல்லது. குழாய்க்கு மரை வெட்டக் கற்றவர் நாளை வால்வு கம்பெனிக்கோ, விமான உதிரிபாகக் கம்பெனிக்கோ போக முடியும். வெல்டிங், மோல்டிங், மெஷினிங், பூச்சு, பேக்கிங் ஆட்டோமேஷன் இவையெல்லாம் துறை விட்டுத் துறை கூடவே வரும் சொத்து. "நான் பொம்மைத் துறையில் இருந்தேன்" என்பதைவிட "பிளாஸ்டிக் இன்ஜெக்ஷன் மோல்டிங்கில் இருந்தேன்" என்பதற்கு எங்கும் மதிப்பு அதிகம்.

ஆலைகளில் பெரிய பிரிவு இரண்டு. குழாய், கார், செல்போன் மாதிரி எண்ணக்கூடிய பொருளைச் செய்பவை ஒரு பக்கம். பெயின்ட், சிமென்ட், மருந்து, பால் மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும் பொருளைச் செய்பவை மறுபக்கம். முதல் வகையில் மெக்கானிக்கல் ஆட்களுக்குக் கிராக்கி. இரண்டாம் வகையில் கெமிக்கல் ஆட்களுக்கும், அளவீட்டுக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆட்களுக்கும் மதிப்பு. ஆலை இரவிலும் நிற்காது என்பதால் ஷிஃப்ட் வேலை கிட்டத்தட்ட நிச்சயம்.

துறைக்குத் துறை ஒழுங்குமுறை மாறும். பொதுவான தர நிர்வாகத்துக்கு 1987 முதல் ஐ.எஸ்.ஓ. 9001 என்ற சர்வதேசத் தரநிலை இருக்கிறது. கார் உதிரிபாகத்துக்கு ஐ.ஏ.டி.எஃப். 16949, விமானத்துக்கு ஏ.எஸ். 9100, மருத்துவக் கருவிகளுக்கு ஐ.எஸ்.ஓ. 13485. நீங்கள் போக விரும்பும் துறையில் எது நடைமுறை என்று தெரிந்து வைத்துக்கொண்டால் போதும், மனப்பாடம் வேண்டாம். எழுத்து வேலை பிடிக்காதவர் மருந்து, விமானத் துறைகளைக் கொஞ்சம் யோசித்துத் தேர்ந்தெடுக்கட்டும். அங்கே செய்த வேலைக்கு இணையாகச் செய்ததை எழுதி வைக்கும் வேலையும் இருக்கும்.

சின்ன ஆலையா, பெரிய ஆலையா? சின்ன இடத்தில் மூன்று வருடத்தில் ஐந்து மெஷின் கற்றுக்கொள்ளலாம், ஆனால் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறாரா என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. பெரிய இடத்தில் முறையான பயிற்சி கிடைக்கும், ஆனால் மூன்று வருடமும் ஒரே மெஷினில் நிற்க நேரலாம்.

படி 3: உங்கள் சுபாவத்தைத் துறையோடு பொருத்திப் பாருங்கள்

மற்ற எல்லாப் படிகளையும்விட இதற்கு நேரம் கொடுங்கள். சம்பளம் வருடா வருடம் மாறும், சுபாவம் அவ்வளவு சீக்கிரம் மாறாது.

உற்பத்திப் பிரிவு மணிக்கணக்கில் ஓடும் இடம். இன்றைக்கு எத்தனை உருப்படி என்ற கேள்வி ஷிஃப்ட் முடியும்வரை விடாது. ஆட்களோடு பேசிப் பழகி வேலை வாங்கத் தெரிந்தவருக்கு இது நன்றாக அமையும். லைனில் நின்று ஒரே வேலையைச் செய்வது எல்லோருக்கும் ஆகாது என்பது புதிய செய்தி ஒன்றும் இல்லை. 1913 இல் ஹைலேண்ட் பார்க் ஆலையில் ஃபோர்டு நகரும் அசெம்பிளி லைனைக் கொண்டுவந்தபோது, காரின் அடிச்சட்டமான சேசிஸைப் பூட்டும் நேரம் பன்னிரண்டரை மணியிலிருந்து 93 நிமிடத்துக்கு இறங்கியது. கூடவே ஆட்களும் கூட்டம் கூட்டமாக வேலையை விட்டுப் போனார்கள். 1914 ஜனவரியில் நாளுக்கு 5 டாலர் என்று அறிவித்ததற்கு அதுவும் முக்கியமான காரணம். ஆகவே லைன் வேலைக்குப் போகும்போது "இடம் மாற்றி மாற்றி நிறுத்துவீர்களா?" என்று கேட்பதில் தப்பே இல்லை.

தரக் கட்டுப்பாடு, சந்தேகப் பிராணிகளுக்கான துறை. இதைத் திட்டாகச் சொல்லவில்லை. எல்லோரும் "ஓகே, அனுப்பு" என்கிற நேரத்தில் "கொஞ்சம் இருங்கள்" என்று சொல்லும் நெஞ்சுரம் வேண்டும். கணக்கும் வேண்டும். 1924 இல் வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கில் இருந்த வால்டர் ஷூஹார்ட் ஒரு சின்னக் குறிப்பில் வரைந்து காட்டிய கன்ட்ரோல் சார்ட்தான் இன்றைக்கும் மெஷின் பக்கத்தில் தொங்குகிறது. அளவு எப்போதும் கொஞ்சம் ஏறி இறங்கத்தான் செய்யும். எந்த ஏற்ற இறக்கம் இயல்பு, எது மெஷினில் ஏதோ கோளாறு என்பதற்கான அறிகுறி என்று பிரித்துக் காட்டுவது அந்தப் படம். புள்ளியியல் படித்தவர்கள் இந்தத் துறையை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்பது எனக்கு ஆச்சரியம்தான்.

மெயின்டனன்ஸ், புதிர் விடுவிப்பவர்களுக்கு. லைன் நின்றுவிட்டது, பத்துப் பேர் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார்கள், மேலதிகாரி ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வந்து போகிறார். அந்த நேரத்தில் பதறாமல் முதலில் சென்சாரா, ஒயரா, வால்வா என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வரத் தெரிய வேண்டும். இந்தத் துறையைப் புரட்டிப் போட்டது, மெஷினை இயக்கும் சின்னக் கணினியான பி.எல்.சி. அதற்கு முன் மாடல் மாறும்போதெல்லாம் சுவர் நீளத்துக்கு இருக்கும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) பேனல்களைப் பிரித்து மறுபடி ஒயர் போட வேண்டும். 1968 இல் அமெரிக்கப் பொறியாளர் டிக் மார்லி குழுவினர் உருவாக்கத் தொடங்கிய மோடிகான் 084 என்ற பி.எல்.சி. அந்த ஒயரிங்கைப் புரோகிராமாக மாற்றியது. எலக்ட்ரீஷியன்களுக்குப் பழகிய ஏணிப் படம் மாதிரியே அதன் மொழியையும் வைத்தார்கள்; லேடர் லாஜிக் என்று இன்னும் அதுதான் ஓடுகிறது. மின்சாரமும் தெரிந்து, மெக்கானிக்கலும் தெரிந்து, பி.எல்.சி.யும் தெரிந்த ஒருவரை எந்த ஆலையும் சுலபத்தில் விடாது.

செய்முறைப் பொறியியல் என்று ஒன்று இருக்கிறது, வெளியே அவ்வளவாகத் தெரியாது. ஒரு காரியத்தைத் தப்பே நேராதபடி எப்படிச் செய்வது என்று யோசிப்பதுதான் வேலை. 1961 இல் ஜப்பானின் யமடா எலக்ட்ரிக் ஆலையில் ஒரு ஸ்விட்ச் பூட்டும்போது உள்ளே வைக்க வேண்டிய இரண்டு ஸ்பிரிங்கில் ஒன்றை அவ்வப்போது மறந்துவிடுவார்கள். உற்பத்தி ஆலோசகர் ஷிகியோ ஷிங்கோ யாரையும் திட்டவில்லை. முதலில் இரண்டு ஸ்பிரிங்கை எடுத்து ஒரு சின்னத் தட்டில் வையுங்கள், அதிலிருந்து எடுத்துப் பூட்டுங்கள் என்றார். பூட்டி முடித்த பிறகு தட்டில் ஒன்று மிச்சம் இருந்தால் மறந்தது அங்கேயே தெரிந்துவிடும். இந்த மாதிரி யோசனையில் உங்களுக்குச் சுவாரசியம் தட்டினால் நீங்கள் தேட வேண்டிய பெயர் இதுதான்.

டூல் ரூம் பொறுமைசாலிகளுக்கு. ஒரு மோல்டுக்கு, அதாவது அச்சுக்கு, வாரக்கணக்கில் உட்கார வேண்டியிருக்கும். பிளானிங், ஸ்டோர்ஸ், பர்ச்சேஸ் வணிகம் படித்தவர்களுக்கும் எக்செல்லில் கை ஓடுபவர்களுக்கும் ஏற்றவை. பாதுகாப்புத் துறைக்குச் சட்டமும் தெரிய வேண்டும், சொல்வதைக் கேட்க வைக்கும் வாயும் வேண்டும்.

படி 4: உள்ளே போகும் வாசலைத் தேர்ந்தெடுங்கள்

வாசல்கள் மூன்று: பள்ளி முடித்துத் தொழிற்பயிற்சி, டிப்ளமோ, பட்டம். மேலே போக நினைப்பவருக்குப் பட்டம்தான் ஒரே வழி என்று நம்ப வேண்டாம். ஜெர்மனியில் வாரத்தில் சில நாள் ஆலையிலும் சில நாள் தொழிற்பள்ளியிலும் கற்கும் இரட்டைப் பயிற்சி முறை இருக்கிறது. பெரும்பாலும் மூன்று முதல் மூன்றரை வருடம் ஓடும். அதை முடித்தவர் கைதேர்ந்தவர்களுக்கான மெய்ஸ்டர் தேர்வு எழுதிப் பயிற்றுநராகவும் மேலாளராகவும் ஆகலாம். உங்கள் ஊரில் அப்ரெண்டிஸ் முறை எப்படி இருந்தாலும் ஒன்றை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்: பயிற்சிக்காலத்தில் எத்தனை பிரிவுகளில் நிறுத்துவார்கள்? ஒரே இடத்தில் வைத்திருந்தால் பெயர்தான் பயிற்சி. மலிவாக ஆள் பிடிக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

வயது 22 தாண்டாதவர்கள் வேர்ல்டு ஸ்கில்ஸ் போட்டியையும் ஒரு கண் பார்த்து வையுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை நடக்கும் அதில் வெல்டிங், சி.என்.சி., மெகட்ரானிக்ஸ் எல்லாம் உண்டு. பெரும்பாலான பிரிவுகளுக்கு அதுதான் வயது வரம்பு. வெல்வது இருக்கட்டும், பழைய போட்டிகளின் கேள்வித் தாளை எடுத்துச் செய்து பார்த்தாலே உங்கள் கை எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

பொறியியல் படிக்காதவர்களும் கதவடைத்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. வேதியியல் லேபுக்கும் பூச்சுக்கும், நுண்ணுயிரியல் மருந்து மற்றும் உணவு ஆலைக்கும், வணிகம் பிளானிங்குக்கும் அடக்கக் கணக்குக்கும் நேராகப் போகும்.

படி 5: மூன்று விஷயத்தை முன்கூட்டியே கற்றுக்கொள்ளுங்கள்

எந்தத் துறைக்குப் போனாலும் டிராயிங் வாசிப்பது, அளவெடுப்பது, எளிய கணக்கு இந்த மூன்றும் வேண்டும். இவற்றை வீட்டிலிருந்தே தொடங்கலாம்.

டிராயிங்கில் ஒரு துளைக்குப் பக்கத்தில் 25 ஹெச்7 என்று எழுதியிருக்கும், அதற்குள் போகும் ஷாஃப்ட்டில் 25 ஜி6 என்று இருக்கும். துளை 25.000 முதல் 25.021 மி.மீ. வரை இருக்கலாம் என்று முதலாவது சொல்கிறது. ஷாஃப்ட் 24.980 முதல் 24.993 வரை இருக்க வேண்டும் என்று இரண்டாவது. இனி கழித்துப் பாருங்கள். மிக இறுக்கமான ஜோடியில் இடைவெளி 7 மைக்ரான், மிகத் தளர்வான ஜோடியில் 41 மைக்ரான். ஆக எப்படிச் சேர்த்தாலும் ஷாஃப்ட் உள்ளே போகும், கையால் சுற்றும், ஆனால் ஆடாது. ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் இவ்வளவையும் சொல்லிவிடுகிறது. இப்படிப் பத்து ஜோடியைக் கணக்குப் போட்டுப் பழகினால் டிராயிங்கைக் கண்டு வரும் பயம் போய்விடும்.

அளவெடுப்பதில் என் சொந்த அனுபவம் ஒன்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில் 100 மி.மீ. ஷாஃப்ட் கடைந்துகொண்டிருந்தேன். அனுமதித்த அளவு 99.965 முதல் 100.000 வரை. மெஷினிலிருந்து எடுத்ததும் மைக்ரோமீட்டரில் வைத்தேன், 99.99. அட, பிரமாதம் என்று அடுக்கிக்கொண்டே போனேன். மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் அதே ஷாஃப்ட்டை அளந்தார், 99.955. இருபது உருப்படி, தேறாதவற்றைப் போடும் சிவப்புப் பெட்டிக்குப் போயின. நான் அளந்தபோது அது கையில் பிடிக்க முடியாத சூட்டில் இருந்ததை யோசிக்கவே இல்லை. எஃகு ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 12 மைக்ரான் விரியும். 100 மி.மீ.க்கு 1.2 மைக்ரான். முப்பது டிகிரி கூடுதல் சூடு என்றால் 36 மைக்ரான். எனக்குக் கொடுத்திருந்த மொத்த வரம்பே 35. இதனால்தான் உலகம் முழுக்க அளவுகள் 20 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது உள்ளபடி என்று வைத்திருக்கிறார்கள். ஒரு வெர்னியரும், முடிந்தால் ஒரு மைக்ரோமீட்டரும் கைவசம் வைத்துக்கொண்டு, ஒரே பொருளைப் பத்து முறை அளந்து பாருங்கள். பத்து முறையும் ஒரே எண் வரும்வரை விடாதீர்கள்.

கணக்கு என்றால் பெரிய கணக்கு இல்லை. எட்டு மணி ஷிஃப்ட்டில் அரை மணி இடைவேளை போக 27,000 விநாடி. தேவை 900 உருப்படி என்றால் 30 விநாடிக்கு ஒன்று வெளியே வர வேண்டும். லைனில் ஐந்து நிலையங்கள் 24, 28, 36, 22, 27 விநாடி எடுக்கின்றன என்று வையுங்கள். மற்ற நால்வரும் எவ்வளவு வேகமாகச் செய்தாலும் 36 விநாடிக்காரர்தான் அளவு. 750க்கு மேல் வராது. அவரிடமிருந்து ஆறு விநாடி வேலையை எடுத்து 22 விநாடிக்காரரிடம் கொடுத்தால் சரியாகிவிடும். நேர்காணலில் இந்த மாதிரிக் கணக்கைக் கேட்டதும் தடுமாறும் பட்டதாரிகளைப் பார்த்திருக்கிறேன்.

சான்றிதழ்கள் பற்றி ஒரு வார்த்தை. கையால் செய்து காட்டித் தேறும் சான்றிதழுக்கு மதிப்பு அதிகம். வெல்டருக்கு ஐ.எஸ்.ஓ. 9606, எக்ஸ்ரே, அல்ட்ராசோனிக் முறையில் சோதிப்பவருக்கு ஐ.எஸ்.ஓ. 9712 போன்றவை அந்த ரகம். சிக்ஸ் சிக்மா பெல்ட்டை (பிழைகளைக் குறைக்கும் முறை ஒன்றில் தரும் சான்றிதழ்) வேலைக்குச் சேர்ந்து, நிஜமான பிரச்சினை ஒன்றைத் தீர்த்து வாங்குங்கள். வார இறுதி வகுப்பில் வாங்கிய பெல்ட்டை ஆலையில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

படி 6: ஆலையை நேரில் பாருங்கள், பிறகு விண்ணப்பியுங்கள்

கல்லூரி அழைத்துப்போகும் சுற்றுலா, தொழில் கண்காட்சி, உறவினர் வேலை செய்யும் இடம், எதுவானாலும் சரி. உள்ளே போனதும் பெரிய மெஷினைப் பார்த்து வாய் பிளக்காமல் தரையைப் பாருங்கள். எண்ணெய் வழுக்குகிறதா, நடைபாதைக் கோடு அழிந்திருக்கிறதா? சுழலும் பாகங்களுக்கு மூடி இருக்கிறதா? சிவப்புப் பெட்டியில் இருக்கும் ரிஜெக்ஷனுக்குச் சீட்டு கட்டியிருக்கிறார்களா, சும்மா குவித்திருக்கிறார்களா? போர்டில் எழுதிய உற்பத்தி எண் இன்றைக்கு உரியதா, போன மாதத்ததா? காதுக்கு அடைப்பான் கொடுத்தார்களா? பத்து நிமிடத்தில் அந்த இடம் ஆட்களை எப்படி நடத்துகிறது என்று தெரிந்துவிடும்.

விண்ணப்பத்தில் பொதுவாக எழுதாதீர்கள். "வெல்டிங் தெரியும்" என்ற வரி எதையும் சொல்லவில்லை. "6 மி.மீ. மைல்டு ஸ்டீல் தகட்டில், செங்குத்து நிலையில் மிக் வெல்டிங், வளைத்துப் பார்க்கும் சோதனையில் தேறியது" என்று எழுதினால் படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார். மெஷின் பெயர், பொருள், அளவு, எத்தனை மைக்ரானுக்குள் செய்தீர்கள் என்பதெல்லாம் வரட்டும். பிராஜெக்ட் செய்திருந்தால் அதில் எது சொதப்பியது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதையும் ஒரு வரியில் சேருங்கள்.

கைவேலைக்குப் போனால் தேர்வு வைப்பார்கள். ஒரு துண்டும் டிராயிங்கும் கொடுத்து, செய் என்பார்கள். பார்ப்பவர்கள் அளவை மட்டும் கவனிப்பதில்லை. தொடங்கும் முன் டிராயிங்கை எவ்வளவு நேரம் பார்த்தீர்கள், பிசிறு எடுத்தீர்களா, முடித்ததும் மேசையைத் துடைத்தீர்களா என்பதெல்லாம் கணக்கில் வரும்.

நீங்கள் கேட்க வேண்டியதும் உண்டு. ஷிஃப்ட் எத்தனை நாளுக்கு ஒரு முறை மாறும்? ஓவர்டைம் விருப்பமா, கட்டாயமா, எந்தக் கணக்கில் கொடுப்பார்கள்? சேர்வது கம்பெனியிலா, ஒப்பந்தக்காரரிடமா? ஒப்பந்தம் என்றால் நிரந்தரமாக எடுத்தவர்கள் யாராவது இருக்கிறார்களா? முதல் மாதத்தில் யார் சொல்லிக்கொடுப்பார்? வாயால் சொன்ன பதில்கள் நியமனக் கடிதத்திலும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

படி 7: முதல் வருடத்தையும் அதற்குப் பிறகையும் திட்டமிடுங்கள்

முதல் வாரத்தில் பாதுகாப்புதான் பாடம். சுழலும் லேத், டிரில் பக்கம் கையுறையோடு போகாதீர்கள். துணியின் நுனி மாட்டினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். மெஷினுக்குள் கை விடும் முன் மின்சாரத்தைத் துண்டித்து, உங்கள் பூட்டைப் போட்டு, சாவியை உங்கள் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். "ஒரு நிமிட வேலைதானே" என்று யாராவது அவசரப்படுத்தினால் அப்போது இன்னும் நிதானமாகப் பூட்டுங்கள்.

ஒரு பாக்கெட் நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிரேக்டவுனும் எப்போது, என்ன அறிகுறி, எது காரணம், என்ன செய்தார்கள் என்று நான்கு வரி. டொயோட்டாவில் தாயிச்சி ஓனோ பழக்கியது போல ஐந்து முறை "ஏன்" கேட்டுப் பாருங்கள். ஃபியூஸ் போனது ஏன், மோட்டார் திணறியது ஏன், பேரிங்கில் எண்ணெய் இல்லாமல் போனது ஏன் என்று போனால், கடைசியில் அடைத்துக்கொண்ட ஒரு வடிகட்டியில் போய் நிற்கும். வருட முடிவில் அந்த நோட்டைப் பார்த்தால் அந்த மெஷினைப் பற்றி அதைச் செய்த கம்பெனிக்காரருக்குத் தெரியாததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இரவு ஷிஃப்ட்டை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தூக்கம் கெட்டால் அளவும் கெடும், கையும் போகும். பகலில் இருட்டாக்கிக்கொண்டு தூங்க ஓர் அறை உண்டா என்பதை வீடு பார்க்கும்போதே யோசியுங்கள். சில மாதம் முயன்றும் உடம்பு ஏற்கவில்லை என்றால் டூல் ரூம், பிளானிங், லேப் போன்ற பகல் வேலைகள் இருக்கின்றன.

மூன்றாவது வருடம் வாக்கில் வழி பிரியும். ஆபரேட்டர் செட்டராகி, புரோகிராமராகலாம். அல்லது ஆட்களை நடத்தும் சூப்பர்வைசர் பக்கம் போகலாம். நல்ல செட்டர் நல்ல சூப்பர்வைசர் ஆவார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை, இரண்டும் வேறு தொழில். பதவி உயர்வு வருகிறதே என்று மட்டும் பார்த்து மாறியவர்கள் பலர் மெஷினை நினைத்து ஏங்கிக்கொண்டிருக்கிறார்கள். கம்பெனியில் இரண்டு பாதைக்கும் தனித்தனிச் சம்பளப் படிநிலை இருக்கிறதா என்று இரண்டாவது வருடமே விசாரித்து வையுங்கள்.

ரோபோ வந்து வேலையைத் தூக்கிவிடாதா என்ற கேள்வி கட்டாயம் வரும். சில வேலைகளைத் தூக்கத்தான் செய்யும். 1961 இல் ஜெனரல் மோட்டார்ஸின் நியூ ஜெர்சி ஆலையில் முதல் தொழிற்சாலை ரோபோவான யூனிமேட்டுக்குக் கொடுத்த வேலை, டை காஸ்டிங் மெஷினிலிருந்து கொதிக்கும் வார்ப்படத்தை எடுத்து வைப்பது. இன்றைக்கும் ஆபத்தானது, கனமானது, ஒரே மாதிரியானது என்ற வரிசையில்தான் அவை நுழைகின்றன. ஆகவே படி 1-ல் எழுதிய தாளை மறுபடி எடுங்கள். முதல் பத்தியில், அதாவது செய்பவர் பத்தியில், இந்த மூன்று குணமும் உள்ள வேலைகளுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். அங்கே சேர்வதில் தவறில்லை, உள்ளே நுழைய அது நல்ல வாசல்தான். சேர்ந்த நாள் முதலே அதே வரிசையில் உள்ள மற்ற மூன்று பத்திகளில் ஒன்றைக் குறிவைத்துக் கற்கத் தொடங்குங்கள். ரோபோவின் பிடிப்பான் தேய்ந்தால் மாற்றுபவர், மாடல் மாறும்போது அதற்குப் புதிய பாதை சொல்லிக்கொடுப்பவர், அது எடுத்து வைத்த வார்ப்படத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பவர் மூவரும் அந்தப் பத்திகளில்தான் இருக்கிறார்கள்.